சியாம் சாகாத இரண்டு பாகங்கள்

மூட்டை சுமக்கிறவனுக்கு வலி பிடரியில் தொடங்கும். பிறகு முதுகு வழியாக இறங்கி இடுப்பில் வந்து குந்திக்கொள்ளும். அதற்குப் பிறகு எழும்பாது. நிந்தவூரில் ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் அரிசி ஆலையில் லொறி நெல்லை இறக்கிவிட்டு, கழுத்தில் ஒட்டிய சுணையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு கல்முனை பஸ் ஏறி வந்திருந்த அபூசாலிக்கு அந்த வலி இருந்தது. கிழக்குக் கரை முப்பாக நாவல் பேரவையின் பிளாஸ்டிக் கதிரையில் அவன் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கொப்பி.

கொப்பியில் இருந்தது அவனுடைய கூட்டாளி சியாமின் கதை. போன வெள்ளாண்மை வெட்டுக் காலத்தில் ஆலைக்குள் நெல் குவிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மூட்டை அட்டி கூரை வளையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாசலில் ஒரு லொறி அவசரப்பட்டது. மேலே ஏறி இறக்க நேரமில்லை, அடியிலிருந்து உருவுங்கள் என்றார் ஹாஜியார். சியாம் உருவினான். அட்டி சரிந்தது. மூட்டைகளை இழுத்துப் போட்டு அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஹாஜியார் ஜனாஸாவில் அழுதார். கபன் துணியும் அவர்தான் வாங்கினார். கத்தம் ஓதி முடிந்த பிறகு, சியாம் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை, சும்மா கதைத்துக்கொண்டிருக்க வந்தவன் என்று சொன்னார். ஆலையில் மூட்டை தூக்குகிற மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

சியாமின் மனைவி ஜுனைதா தொழில் கந்தோரில் முறைப்பாடு செய்தாள். விசாரணைக்குத் திகதி வரும் என்றார்கள். கண்டதை வந்து சொல்கிறேன் என்று அபூசாலி அவளிடம் சொன்னான். காக்கா என்று அண்ணன் முறை வைத்து அவனைக் கூப்பிடுகிற அவளுக்கு அது போதவில்லை.

"வாயால சொன்னா நாளைக்கு இல்லெண்டுவாங்க காக்கா. பள்ளிக்கூடத்துல கதை எழுதிப் பரிசெடுத்த ஆள்தானே நீங்க. எழுதுங்க. புத்தகத்துல இருந்தா ஆரு அழிக்கிற?"

எழுதித் தருகிறேன் என்று அபூசாலி வாக்குக் கொடுத்தான். சுபஹுத் தொழுகைக்கும் ஆலை திறப்பதற்கும் இடையில் கிடைத்த நேரங்களில் எழுதி முடித்தான். கொப்பியின் முதல் வரி இப்படி இருந்தது: சியாம் வேலை நேரத்தில், அட்டி சரிந்து, மூட்டைக்கு அடியில் செத்தான்.

அந்தக் கரையில் புத்தகம் போட நினைக்கிற எவரும் பேரவையின் வாசலை மிதிக்காமல் போக முடியாது. மண்டபம் அவர்களிடம் இருந்தது. பொன்னாடை அவர்களிடம் இருந்தது. ஒலிவாங்கியைக் கண்டால் விடாத பேச்சாளர்களும் அவர்களிடம்தான் இருந்தார்கள். பேரவையின் கொள்கை எளிமையானது. ஒரு புத்தகத்தில் முடிகிற கதையை அது நீட்டிய சிறுகதை என்று சொல்லும். இரண்டில் முடிந்தால் பாதியில் குழம்பிய கலியாணம். நான்காம் பாகம் எழுதினால் பேராசை. மூன்று பாகத்தில் வருவது மட்டுமே நாவல். கூட்டத்தில் தேநீரும் மூன்று தடவையாகத்தான் வந்தது: முதலில் வெறுங்கோப்பை, பிறகு தேநீர், பிறகு சீனி.

உறுப்பினர் ஒருவர் இரண்டாம் பாகத்தோடு மௌத்தாகிப் போனபோது, பேரவை அவர் வீட்டுக்கே வந்து, அன்னார் முன் அனுமதியின்றி முடிவெய்தியதையிட்டு வருத்தம் தெரிவித்தது. மூன்றாம் பாகத்தை எழுதும் பொறுப்பு அவருடைய மருமகனின் தலையில் விழுந்தது. மருமகன் மேசன். கட்டிக்கொண்டிருந்த சுவரை அப்படியே விட்டுவிட்டு, பொத்துவில் காட்டில் மாமனார் தொலைத்த கதாநாயகியை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

தலைவர் பஸால் சேர் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். அவர் கொப்பியைத் திறந்து முதல் வரியை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"தம்பி, முதல் வரியிலேயே ஆள் செத்தா ரெண்டாம் பாகத்துக்கு ஆரு வருவான்?"

"ரெண்டாம் பாகம் இல்ல சேர். கதை இவ்வளவுதான். அவன் மௌத்தாகிட்டான்."

"அது உங்கட கருத்து" என்றார் தலைவர் கனிவாக. "மரணம் மூன்றாம் பாகத்துச் சொத்து. அதில கை வைக்க எனக்கே உரிமையில்ல."

அந்த வரி எங்கே வந்தாலும் பரவாயில்லை, வந்தால் சரி என்று அபூசாலி நினைத்தான். இந்த நினைப்பில் அவன் தலையை ஆட்டிய கணத்திலேயே, தயாராக நின்ற இருவர் அவன் மீது ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். மருதமுனைத் தறியில் நெய்தது. நல்ல கனம். அதைத் திருப்பித் தரலாமா என்று அவன் பின்னாளில் ஒருமுறை கேட்டான். தரலாம், ஆனால் போர்த்தியவர்கள் முன்னிலையில், போர்த்திய அதே மேடையில், மூன்றாம் பாக வெளியீட்டன்றுதான் தரலாம் என்று சொன்னார்கள்.

கொப்பி மெல்லியது. அதை ஒரு பாகமாக்க வேண்டிய வேலையைத் தலைவர் தானே ஏற்றுக்கொண்டார். ஒலுவிலில் கடல் கரையை அரிப்பதை அவர் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிச் சேர்த்தார். சியாமுக்கும் ஒலுவிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவன் கடலில் கால் நனைக்கப் பயந்தவன். அபூசாலி அதைச் சொன்னபோது, அரிப்பு என்பது ஓர் உணர்வு என்று தலைவர் விளக்கினார். சியாம் பிறந்தான், சுன்னத் வைத்தார்கள், பள்ளிக்கூடம் போனான், கலியாணம் செய்தான், கடல் அரித்தது. கடைசிப் பக்கத்தில் அவன் ஆலைக்குள் நுழைந்து முதல் மூட்டையைத் தோளில் தூக்கி, கீழைக் காற்றைப் பார்த்துச் சிரித்தான்.

பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. முதற்பிரதி பெறுகிற புரவலர் மேடையில் சுற்றுத் தாளைக் கிழிக்கும் வரைக்கும் புத்தகத்தை யாரும் திறக்கக் கூடாது. எழுதியவனும் திறக்கக் கூடாது. திறந்தால் அது முதற்பிரதி ஆகாதல்லவா. முதல் பாகத்தின் முதற்பிரதியை வாங்குகிறவருக்கே மற்ற இரண்டும் உரியவை என்பதும் வழக்கம். அஸருக்குப் பின் விழா தொடங்கி, கிறாஅத் ஓதி, தலைமையுரை முடிந்து, புரவலரை மேடைக்கு அழைத்தபோது அபூசாலி நிமிர்ந்து பார்த்தான். வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாகப் படியேறி வந்தவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார்.

அந்தப் பக்கத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் முதற்பிரதி அவர்தான். இதற்காக வேறு யாரையும் யோசிக்கிற பழக்கம் பேரவையில் இல்லை. யாரைப் பற்றிய புத்தகம், அவருக்கு அதில் என்ன பங்கு என்று பார்க்கிற பழக்கமும் இல்லை.

நயவுரை நிகழ்த்தியவர் ஒழுங்கைக் காப்பாற்றி நூலைத் திறக்காமலே பேசினார். தாளுக்கு மேலாகவே அட்டையின் வழவழப்பை மஃரிப் வரைக்கும் நயந்தார். தொழுகை முடிந்து வந்து முதுகையும் நயந்தார். பிறகு ஹாஜியார் தாளைக் கிழித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் புத்தகம் வாசிக்கிற ஆளில்ல" என்றார். "ஆனா வீட்டுல ஒரு அலுமாரி முழுக்க முதற்பிரதி இரிக்கி. ஒண்டயும் நான் திறந்து கெடுக்கல்ல. இந்த அபூசாலி நம்மட மில்லு ஆள். இதுல சியாம் உசிரோட, சந்தோசமா இரிக்கான் எண்டு தலைவர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். எங்கட மில்லுல ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல எண்டதுக்கு இதவிட என்ன வேணும்."

மண்டபம் கைதட்டியது. அபூசாலியின் பிடரியில் ஹாஜியார் இன்னொரு பொன்னாடையைப் போர்த்தி, அதைத் தட்டியும் விட்டார்.

ஜுனைதா அன்றிரவே புத்தகத்தைப் படித்துவிட்டாள். மறுநாள் ஆலை வாசலுக்கு வந்தாள். கோபமாக வரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"முழுசா வாசிச்சன் காக்கா. கடல் இரிக்கி. அவர் சாப்பிடுறார், சிரிக்கிறார். கடைசிப் பக்கம் வரைக்கும் நல்லாத்தான் இரிக்கார்" என்றாள். "பின்ன ஏன் வீட்ட வாறாரில்ல?"

மூன்றாம் பாகத்தில் வரும் புள்ள என்றான் அபூசாலி. சொல்லும்போதே அது தலைவரின் குரல் போல அவனுக்குக் கேட்டது.

அவன் கல்முனையில் அச்சகம் வைத்திருக்கிற டனிஸ்டனிடம் போனான். அவன்தான் பேரவையின் புத்தகங்களை அடிக்கிறவன். மெதடிஸ்த கோயில் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தான். கொப்பியில் உள்ளதை உள்ளபடியே, மெல்லிசாக, ஒரே புத்தகமாக அடித்துத் தர முடியுமா என்று அபூசாலி கேட்டான்.

"அடிக்கலாம் காக்கா. ஆனா பேரவை முத்திரை இல்லாட்டி நூலகம் எடுக்காது. கந்தோருக்குக் கொண்டு போனாலும் நோட்டீஸ் எண்டுதான் சொல்லுவானுகள்." டனிஸ்டன் கையில் இருந்த மையைத் துடைத்தான். "மூண்டாம் பாகத்துல சாகட்டுமே. எப்ப அடிக்கப் போறீங்க?"

"தலைவர் சொல்லணும்."

"அப்ப சரி." அவன் ஒரு நோட்டீஸை எடுத்து மை காய்ந்ததா என்று பார்த்தான். "ஒண்டு சொல்லவா? பேரவைக்கு நான் முதலாம் பாகம் அடிச்சிருக்கன். ரெண்டாம் பாகம் அடிச்சிருக்கன். மூண்டாம் பாகம் எண்டு ஒண்டு இந்த மிசினுக்குள்ள போனதேயில்ல."

இரண்டாம் பாகத்துக்கென்று பேரவையில் நடுப்பாகக் குழு ஒன்று இருந்தது. அபூசாலியை நடுவில் இருத்தி அது கூடியது. தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"முதல் பாகத்தில் வாசகனை உள்ளே கூப்பிடுகிறோம். மூன்றாம் பாகத்தில் வெளியே அனுப்புகிறோம். நடுப்பாகத்தில் எதுவும் நடக்கக் கூடாது. ஆனால் நடக்கப்போகிறது என்று அவன் நம்பிக்கொண்டே இருக்க வேண்டும். எழும்பிப் போகவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க நான் மக்களுக்கு இதைத்தான் செய்தேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் குறை கேட்கும் நாளை நான்தான் குறிப்பேன்."

குழுவினர் கண்களை மூடிக்கொண்டு தலையசைத்தார்கள்.

சியாம் அடுத்து என்ன செய்யலாம் என்று அவர்கள் விவாதித்தார்கள். மச்சாளோடு காதல் வரலாம் என்றார் ஒருவர். அவனுக்குக் கலியாணம் முடிந்துவிட்டதே என்று இன்னொருவர் ஞாபகப்படுத்த, அதற்காகக் காதலைத் தள்ளிவைக்க முடியுமா என்று முதலாமவர் வருந்தினார். அவன் அட்டிக்கு அடியில் கிடந்தான், வாயில் நெல் இருந்தது, நான் விரலால் எடுத்தேன் என்று அபூசாலி சொன்னான். அருமையான காட்சி, மூன்றாம் பாகத்துக்கு வைத்துக்கொள்வோம் என்றார் தலைவர். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இதற்கு மேல் தன்னால் எழுத முடியாது என்று அபூசாலி சொல்லிவிட்டு வந்தான். முதல் பாகம் எழுத்தாளனுடையது, இரண்டாம் பாகம் பேரவையுடையது, மூன்றாம் பாகம் அல்லாஹ்வின் நாட்டம், ஆகவே நீங்கள் எழுதாதது ஒழுங்குக்கு முரணில்லை என்று தலைவர் வாசல் வரைக்கும் வந்து சமாதானம் சொன்னார்.

ஆலையில் அவனை இப்போது எல்லாரும் எழுத்தாளர் என்று கூப்பிட்டார்கள். எழுத்தாளர், அந்த மூட்டையை இஞ்சால வையுங்க. எழுத்தாளர், லொறி வந்திட்டு. மூட்டையின் பாரம் அதனால் குறையவில்லை.

இரண்டாம் பாக விழாவுக்கு அழைப்பிதழ் வந்தபோதுதான் புத்தகம் அடித்தாகிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. மேடையில் வெள்ளித் தாள் சுற்றிய கட்டு அவன் மடியில் இருந்தது. விரல் நகத்தால் தாளின் ஓரத்தைத் தொட்டான். பக்கத்தில் இருந்த செயலாளர் அவன் கையைப் பிடித்து மெதுவாக அகற்றி வைத்தார். கிறாஅத், தலைமையுரை, நயவுரை, மஃரிப், மறுபடி நயவுரை. கடைசியில் ஹாஜியார் வந்து தாளைக் கிழித்தார்.

அட்டையில் ஒரு விமானம் இருந்தது.

சியாம் கட்டாருக்குப் போயிருந்தான். ஆலை வேலை சரிவராது என்று ஹாஜியாரிடம் சலாம் சொல்லி, கைகொடுத்து விடைபெற்று, ஒரு நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் விமானம் ஏறியிருந்தான். வெட்டுக் காலத்தில் அவன் தோஹாவில் குளிரூட்டிய ஒரு கடையில் நின்று ஊரை நினைத்துக் கண்ணீர் விட்டான். கரையில் கடல் அரித்துக்கொண்டிருந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் அபூசாலி என்று பெரிய எழுத்தில் இருந்தது.

விசாரணைத் திகதி அதற்குப் பிறகுதான் வந்தது.

கந்தோரில் ஜுனைதா ஒரு பக்கம் இருந்தாள். ஹாஜியாரின் சட்டத்தரணி இரண்டு பாகங்களையும் விழாவில் கட்டிய ரிபனோடு மேசையில் வைத்தார். கையை நீட்டாமலே அதிகாரி அவற்றைப் பார்த்துச் சிரித்தார். முதல் பாகத்தைத் தான் ஏற்கனவே வாசித்துவிட்டதாகவும், ஒலுவில் பகுதி நெஞ்சைத் தொட்டதாகவும் சொன்னார். இறந்தவர் அந்தக் காலத்தில் வேலையில் இருக்கவில்லை, நாட்டிலேயே இருக்கவில்லை என்று சட்டத்தரணி இரண்டாம் பாகத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுதியவர் மனுதாரரின் சொந்தச் சாட்சி என்றும் சொன்னார்.

அப்படியானால் ஜனாஸாவை எந்த விமானத்தில் கொண்டுவந்தார்கள் என்று ஜுனைதா கேட்டாள். அது மூன்றாம் பாகத்தில் வரக்கூடும் என்று சட்டத்தரணி சொன்னார்.

அபூசாலியை எழும்பி நிற்கச் சொல்லிச் சட்டத்தரணி கேட்டார்.

"இது உங்கட பேர்தானே?"

"பேர் என்ட. ரெண்டாவத நான் எழுதல்ல சேர்."

"பொன்னாடை வாங்கினீங்களா?"

"ஓம். போத்தினாங்க."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அபூசாலி அதற்குமேல் காத்திருக்கவில்லை. எத்தனையோ சுபஹு நேரங்களில் எழுதி அடித்து எழுதிய அந்த வரியை, கொப்பி இல்லாமல், நிமிர்ந்து நின்று சொன்னான். சியாம் வேலை நேரத்தில், அட்டி சரிந்து, மூட்டைக்கு அடியில் செத்தான். நான் பக்கத்தில் நின்றேன். அடியிலிருந்து உருவச் சொன்னது ஹாஜியார்.

அதிகாரியின் முகம் மலர்ந்துபோயிருந்தது.

"நல்லா இரிக்கி" என்றார். "சத்தியமா நல்லா இரிக்கி. கண்ணுக்கு முன்னால நடக்கிற மாதிரி சொல்றீங்க. நீங்க வெறும் கூலியாளா மட்டும் இருந்திருந்தா, இத நான் அப்படியே சாட்சியமாப் பதிஞ்சிருப்பன். ஆனா நீங்க எழுத்தாளர். எழுத்தாளர் வாயால சொல்றது கற்பன. புத்தகமா வந்தாத்தான் அதுக்கு ஒரு நிலை இரிக்கி."

பிறகு அவர் உத்தரவை வாசித்தார். கதாநாயகனின் முடிவு இன்னும் வெளிவராத நிலையில் தீர்மானம் எடுப்பது முறையல்ல. ஆகவே மூன்றாம் பாகம் வெளிவரும் வரைக்கும் விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. எல்லாரும் எழும்பிய பின் அவர் அபூசாலியைத் தனியாகக் கூப்பிட்டு, தானும் ஒரு முதலாம் பாகம் எழுதி வைத்திருப்பதாகவும், பஸால் சேரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.

அபூசாலி பஸ் ஏறாமல் நேரே பேரவைக்கு நடந்தான். தலைவருக்கு முன்னால் ஒரு தாளை வைத்தான். அதில் அந்த ஒரு வரி இருந்தது. இதுதான் மூன்றாம் பாகம், இதை அடியுங்கள் என்றான்.

தலைவர் நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய கண்கள் கலங்கின. இவ்வளவு உறுதியான முடிவைப் பேரவை இதுவரை கண்டதில்லை என்றார். பிறகு ஒரு சின்னச் சிக்கலைச் சொன்னார். ஆள் இப்போது கட்டாரில் இருக்கிறான். கட்டாரில் இருப்பவன் நிந்தவூர் ஆலையில் எப்படி மூட்டைக்கு அடியில் சாவான்? முதலில் அவன் திரும்பி வர வேண்டும். சும்மா வர முடியாது, அதற்கு ஒரு மனமாற்றம் வேண்டும். விமான நிலையம் வேண்டும். வந்தவனை ஊர் ஏற்க வேண்டும், அவன் ஆலையை ஏற்க வேண்டும். ஒரு பாகத்துக்குள் அடங்குகிற விஷயமா இது?

"மீளல் என்பது தனியாக ஒரு முப்பாகம், தம்பி" என்றார் பஸால் சேர். "இதன் மூன்றாம் பாகத்தை நாம் அதன் முதலாம் பாகமாக வைத்துக்கொள்வோம். சாவு அங்கே மூன்றாவதில் வரும். புரவலர் ஏற்கனவே சம்மதித்துவிட்டார்."

செயலாளர் பொன்னாடையோடு பின்னால் வந்து நின்றார்.

இப்போது மறுபடியும் வெட்டுக் காலம். வயல்களிலிருந்து லொறி லொறியாக நெல் வருகிறது. ஆலைக்குள் அட்டி கூரை வளையைத் தொட்டுவிட்டது. ஜுனைதா கிழமைக்கொரு தடவை வாசலில் வந்து நிற்கிறாள். இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. அபூசாலி மூட்டையோடு அவளைக் கடந்து போகும்போது கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. பாரம் விடாது. இன்று வாசலில் ஒரு லொறி அவசரப்பட்டுக்கொண்டு நின்றது. மேலே ஏற நேரமில்லை என்று ஹாஜியாரின் குரல் கேட்டது.

"எழுத்தாளர், அடியால உருவுங்க."

அபூசாலி குனிந்தான்.

அவன் ஜுனைதாவுக்குத் தர வேண்டியது ஒரே ஒரு வரி. சியாம் வேலை நேரத்தில், அட்டி சரிந்து, மூட்டைக்கு அடியில் செத்தான். அது இன்னும் கொடுபடவில்லை.